பெயருள்ள தூக்கும் பெயரற்ற தூக்கும்: சுருளி வழக்கும் மரண தண்டனை அரசியலும்

தமிழ்நாட்டில் மரண தண்டனைக்கு எதிரான குரல் பழையது, பலமானது, தெருவில் இறங்கிப் போராடியது. ஆயினும் அக்குரல் எழுந்த தருணங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அது ஒரு தண்டனை முறையை எதிர்த்ததைவிடக் குறிப்பிட்ட சிலர் தூக்கிலேற்றப்படுவதையே அதிகம் எதிர்த்திருக்கிறது என்பது புலப்படும். தண்டனையை எதிர்ப்பதற்கும் தண்டிக்கப்பட்டவருக்காகப் பரிந்து பேசுவதற்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் கட்சிகளின் இரட்டை அளவுகோல் குடியிருக்கிறது. தேனியில் 2019இல் தொடங்கப்பட்ட அரசு சட்டக் கல்லூரியில் தண்டனைச் சட்டம் பயிலும் ஒரு மாணவர் இந்த இடைவெளியை அளந்து பார்க்க டெல்லிக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நிகழ்ந்து, 2025இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்த இரட்டைக் கொலை வழக்கை, அதே 2011இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு தீர்மானத்தோடு சேர்த்துப் படித்தாலே போதும்.

சுருளி அருவி கம்பத்துக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காட்டில் உள்ளது. நீத்தார் கடன் செய்யவும் நீராடவும் பள்ளத்தாக்கின் மக்கள் வழக்கமாகச் செல்லும் இடம். 2011 மே மாத நடுவில், சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியாகி ஆட்சி மாறிக்கொண்டிருந்த நாள்களில், அங்கு சென்ற ஓர் இளம் காதல் இணையர் வீடு திரும்பவில்லை. சில நாள்களுக்குப் பின் காட்டுக்குள் இருவரின் உடல்களும் கண்டெடுக்கப்பட்டன. அப்பெண் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டதாகவும், நகைக்காகவும் கொலை நடந்ததாகவும் காவல் துறை சொன்னது. நேரில் கண்ட சாட்சி எவரும் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட இளைஞருக்குத் தேனி அமர்வு நீதிமன்றம் 2018 மார்ச்சில் மரண தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 15 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அவரை முற்றாக விடுதலை செய்தது. தண்டனையைக் குறைக்கவில்லை, குற்றம் மெய்ப்பிக்கப்படவே இல்லை என்று கூறி விடுவித்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மனிதர் தூக்குத் தண்டனைக் கைதியாக வாழ்ந்திருந்தார்.

இந்த வழக்கு ஏன் இரண்டு நீதிமன்றங்களைத் தாண்டியது, மூன்றாவதில் ஏன் உடைந்தது என்பதே முக்கியம். வழக்கு முழுவதும் சூழ்நிலைச் சான்றை, அதாவது நேரடி சாட்சியம் இல்லாதபோது பல உண்மைகளைக் கோத்துக் குற்றவாளியைச் சுட்டும் சான்றை, நம்பி நின்றது. அக்கோவையில் ஒரு கண்ணி அறுந்தாலும் பயன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே சேர வேண்டும் என்பது 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக வகுத்த விதி. சுருளி வழக்கில், இறந்தவர்களோடு கடைசியாகக் காணப்பட்டவர் இவரே என்ற வாதம் உரிய சாட்சியத்தால் நிலைநிறுத்தப்படவில்லை. எஞ்சியிருந்த பெரிய தூண் மரபணுச் சோதனை. உடலிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகள் எப்போது, யார் கையில், எந்த முத்திரையோடு, எங்கே வைக்கப்பட்டிருந்து தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்பதற்கு முழுமையான பதிவு இல்லை. அனுப்புவதில் ஏற்பட்ட தாமதத்துக்கு விளக்கம் இல்லை. ஆய்வகம் தந்த முடிவு எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், ஆய்வுக்கு வந்த பொருள் உடலிலிருந்து எடுக்கப்பட்ட அதே பொருள்தானா, வழியில் மாசுபடாமல் வந்ததா என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்தத் துல்லியத்தால் பயன் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

இதையொட்டி உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான நடைமுறை விதிகளை வகுத்தது. மாதிரிகளைப் பொதியிடும்போது வழக்கு எண், சட்டப்பிரிவு, காவல் நிலையம், விசாரணை அதிகாரி ஆகிய விவரங்களோடு மருத்துவர், விசாரணை அதிகாரி, சார்பற்ற சாட்சிகள் ஆகியோரின் கையொப்பமும் இருக்க வேண்டும். மாதிரி எடுக்கப்பட்டு 48 மணி நேரத்துக்குள் அது ஆய்வகத்தைச் சென்றடைவதை விசாரணை அதிகாரி உறுதிசெய்ய வேண்டும். வழக்கும் மேல்முறையீடும் நிலுவையில் இருக்கும்வரை நீதிமன்ற அனுமதியின்றி எந்தப் பொதியையும் திறக்கவோ மறுபடி முத்திரையிடவோ கூடாது. பொருள் கைமாறும் ஒவ்வொரு முறையும் குறிக்கப்படும் பதிவேடு ஒன்று, மாதிரி எடுப்பதில் தொடங்கி வழக்கின் இறுதி முடிவுவரை பராமரிக்கப்பட வேண்டும். படிக்கும்போது சலிப்பூட்டும் அலுவலகக் குறிப்புகளைப் போலத் தோன்றும் இவற்றில்தான் ஒருவரின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. மரண தண்டனைக்கு எதிரான வாதங்களில் பெரும்பாலானவை அறத்தையோ மதத்தையோ நாகரிகத்தையோ பேசுகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதம் உண்டு. ஒரு பதிவேடு எழுதப்படாமல் போனதற்காக ஒருவர் தூக்கில் தொங்கியிருக்கக்கூடும் என்ற வாதத்துக்கு எதிர்வாதம் இல்லை.

உறுதிசெய்தல் என்ற சட்ட நடைமுறையின்படி, அமர்வு நீதிமன்றம் விதிக்கும் எந்த மரண தண்டனையும் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொள்ளாமல் நிறைவேற்றப்பட இயலாது என்பது இந்தியச் சட்டத்தின் பெரிய பாதுகாப்பாகச் சொல்லப்படுகிறது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு, மரண தண்டனை அரசமைப்புக்கு முரணானதல்ல என்று பெரும்பான்மைத் தீர்ப்பாகக் கூறியதோடு, அது அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே, ஆயுள் தண்டனை போதாது என்று ஐயமின்றித் தெரியும்போது மட்டுமே விதிக்கப்பட வேண்டும் என்றும் வரையறுத்தது. அந்த அமர்வில் மாறுபட்ட நீதிபதி பி.என். பகவதி, தண்டனை யாருக்குக் கிடைக்கும் என்பது எந்த நீதிபதி முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்ததாகிவிடும் என்று 1982இல் தம் விரிவான தீர்ப்பில் எச்சரித்திருந்தார். அரிதினும் அரிது என்ற அளவுகோல் குற்றத்தின் கொடூரத்தை அளக்கிறது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்ற உறுதியை அது அளப்பதில்லை. கொடூரம் கூடக்கூட விசாரணை அதிகாரி முதல் நீதிபதி வரை அனைவர் மீதும் விடைகாணும் நெருக்கடி கூடுகிறது என்பதால், தவறு நேரும் வாய்ப்பு எங்கே மிகுதியோ அங்கேதான் தூக்கும் மிகுதியாக விதிக்கப்படுகிறது. சென்னை முகலிவாக்கத்தில் 2017இல் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் தண்டிக்கப்பட்டவரையும் இதே உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் விடுவித்தபோது, இந்த முரண் இன்னொரு முறை வெளிப்பட்டது.

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் கூடலூருக்கு மேலே, தமிழ்நாடு கேரள எல்லை மலையில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் பக்தர்கள் அங்கு ஏறிச் செல்ல இரு மாநில அரசுகளும் ஏற்பாடு செய்கின்றன. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம், பொருத்தமான விசாரணையின்றி, திருட்டை மறைக்க விரும்பிய ஒருவனின் சொல்லை மட்டும் நம்பி, கண்ணகியின் கணவனை அரசன் கொல்லச் செய்த கதை. கண்ணகியைக் கற்பின் உருவாகவும் தமிழ்ப் பெருமையின் அடையாளமாகவும் கொண்டாடிய கட்சிகள், சென்னைக் கடற்கரையில் அவள் சிலையை 1968இல் நிறுவின, 2001இல் அகற்றின, 2006இல் மீண்டும் நிறுவின. அக்கதையின் நடுப்புள்ளி தவறான மரண தண்டனை என்பதைப் பற்றி அந்தச் சச்சரவில் பேச்சே எழவில்லை.

அரசியலின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வரின் மரண தண்டனையை உறுதிசெய்தது. ஆளுநர் தானாகவே கருணை மனுக்களை நிராகரித்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, அமைச்சரவையின் ஆலோசனையைப் பெற வேண்டும் என்று கூறிய பின், மு. கருணாநிதி தலைமையிலான அமைச்சரவை 2000 ஏப்ரலில் நளினியின் தண்டனையை மட்டும் ஆயுளாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. பேரறிவாளன், சாந்தன், முருகன் ஆகிய மூவரின் மனுக்களை ஏற்கவில்லை. அம்மூவரின் மனுக்கள் குடியரசுத் தலைவரிடம் பதினோரு ஆண்டுகள் கிடந்தன. அதில் சில மாதங்கள் தவிர ஏறக்குறைய முழுக் காலமும் திமுக மத்திய அரசில் பங்கேற்றிருந்தது. 2011 ஆகஸ்டில் மனுக்கள் நிராகரிக்கப்பட்டு, செப்டம்பர் 9 தூக்குக்கான நாளாகக் குறிக்கப்பட்டதும், எதிர்க்கட்சி வரிசைக்குப் போயிருந்த கருணாநிதி மூவரையும் காப்பாற்றக் கோரினார். ஆளும் ஜெயலலிதா, ஆகஸ்ட் 29 அன்று தமக்கு அதில் அதிகாரம் இல்லை என்று பேரவையில் விளக்கி, 2000ஆம் ஆண்டின் அமைச்சரவை முடிவைச் சுட்டிக்காட்டினார். மறுநாளே மூவரின் தண்டனையைக் குறைக்கக் கோரும் தீர்மானத்தை அவரே கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே நாளில் உயர் நீதிமன்றமும் தூக்குக்குத் தடை விதித்தது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த செங்கொடி அதற்கு இரண்டு நாள்களுக்கு முன் தீக்குளித்து உயிர்விட்டிருந்தார் என்பதையும், தெருவின் கொந்தளிப்பே அந்த ஒருநாள் மாற்றத்தை ஏற்படுத்தியது என்பதையும் மறுக்க முடியாது. அப்படிப்பட்ட கொந்தளிப்பு தமிழ்நாட்டின் பெருமைதான். ஆனால் அது ஒரு தண்டனை வழக்கில் நீதியின் அளவாக இருக்க முடியாது. சுருளியில் உடல்கள் கிடைத்து மூன்று மாதங்களே ஆகியிருந்த அந்தப் பேரவைக் கூட்டத்தில், கருணை என்ற சொல் மூவருக்காக மட்டுமே உச்சரிக்கப்பட்டது.

தருமபுரிப் பேருந்து எரிப்பு வழக்கு இதன் மறுபக்கம். 2000 பிப்ரவரி 2 அன்று கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்துக் கட்சியினர் கலவரத்தில் இறங்கியபோது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் மூவர் பேருந்தோடு எரித்துக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் அதிமுகவினர் மூவருக்கு 2007இல் சேலம் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2010இல் அதை உறுதிசெய்து, 2016இல் சீராய்வின்போது ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய விடுதலையின் பெயரால் ஆளுநர் ஒப்புதலுடன் மூவரும் வெளியே வந்தனர். இதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று ராஜீவ் வழக்கில் அந்நால்வர் உட்பட எழுவரை விடுவிக்க அமைச்சரவை பரிந்துரைத்திருந்தது. அரசமைப்பின் 161ஆம் உறுப்பின்கீழ், அதாவது மாநிலத்தின் நிர்வாக அதிகாரத்துக்கு உட்பட்ட குற்றங்களில் தண்டனையை மன்னிக்கவும் குறைக்கவும் ஆளுநருக்குள்ள அதிகாரத்தின்கீழ், அதே ஆளுநர் பன்வாரிலால் புரோகித்தின் மேசைக்குப் போன அந்தக் கோப்பு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அசையாமல் கிடந்து, பிறகு குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்று 1980இல் மாரூ ராம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும், 2022 மே 18 அன்று பேரறிவாளனை அது தன் தனி அதிகாரத்தால் விடுவிக்க வேண்டியதாயிற்று. ஒரே உறுப்பு, ஒரே ஆளுநர், ஏறக்குறைய ஒரே காலம். பேருந்து எரித்தவர்களின் கோப்புக்கு ஒரு வேகம், இவர்களின் கோப்புக்கு வேறொரு வேகம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஒருவருக்குக் கருணை காட்டி இன்னொருவருக்குக் காட்டாமல் இருப்பது மட்டுமே இரட்டை வேடம் ஆகாது. கருணை அதிகாரம் இயல்பாகவே ஒவ்வொரு வழக்கின் தன்மையைப் பார்த்துப் பயன்படுத்தப்படுவது. நேர்மையற்றது எதுவென்றால், மரண தண்டனை நாகரிகச் சமூகத்துக்கு உகந்ததல்ல என்று பொதுக் காரணம் சொல்லி ஒருவருக்காக மேடையேறிவிட்டு, அதே காரணம் பொருந்தும் இன்னொருவர் முன் மௌனமாவதும், பின்னர் புதிய குற்றங்களுக்கு அதே தண்டனையைச் சேர்ப்பதும்தான். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் தாக்குதலுக்கு உள்ளான சம்பவத்தை அடுத்து, 2025 ஜனவரி 10 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிமுகப்படுத்தி மறுநாள் நிறைவேற்றப்பட்ட சட்டத் திருத்த மசோதா, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான சில குற்றங்களுக்கு மரண தண்டனைவரை செல்லும் கடுமையான தண்டனைகளை வகுத்தது. பேரறிவாளனின் விடுதலையை மாநில உரிமைக்கும் மனிதநேயத்துக்கும் கிடைத்த வெற்றியாகக் கொண்டாடிய கட்சியே இதைக் கொண்டுவந்தது என்பதில் தனிமனிதக் கபடம் இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. வாக்காளரின் சினம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் கொள்கையும் ஓடுகிறது, அவ்வளவே. ஆந்திரம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகியவையும் ஒவ்வொரு கொடும் சம்பவத்துக்குப் பின்னும் இத்தகைய மசோதாக்களை நிறைவேற்றியிருக்கின்றன. அந்தச் சினம் போலியானதும் அல்ல. சுருளியில் இரு பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களிடம் தூக்கு வேண்டாம் என்று போதிக்க எவருக்கும் தகுதியில்லை. ஆனால் ஒழுங்காகச் சான்று சேகரிக்கும் காவல் நிலையம் ஒன்றை அவர்களுக்குத் தர அரசுக்குக் கடமை இருந்தது. தண்டனையைக் கூட்டுவது அதற்குச் செலவில்லாத மாற்றாகிவிட்டது.

ஒழிப்பை ஒரு பேச்சாகவும் பயன்பாட்டை ஒரு கருவியாகவும் வைத்துக்கொள்வது இலங்கையிலும் பழக்கமானது. அங்கே நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தபோதும் 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடும் ஆணைகளில் கையெழுத்திட்டதாக அறிவித்தார். உச்ச நீதிமன்றம் தடுத்தது. அவரே பதவி விலகும் தறுவாயில், ஒரு வெளிநாட்டு இளம்பெண்ணைக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த, செல்வாக்குள்ள குடும்பத்து இளைஞருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அடுத்து வந்த கோட்டாபய ராஜபக்ச, 2000இல் மிருசுவிலில் தமிழர்கள் எண்மரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றிருந்த படைவீரருக்கு 2020 மார்ச்சில் மன்னிப்பளித்தார்.

இந்தியாவில் தூக்கு வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் இத்தகைய செல்வாக்கு அற்றவர்கள். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, மரண தண்டனைக் கைதிகளில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று கண்டது. கீழமை நீதிமன்றங்கள் விதிக்கும் மரண தண்டனைகளில் இறுதிவரை நிலைப்பவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை என்பதும் அதன் முக்கிய முடிவு. கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற ஒருவர் கொலை வழக்கில் சிக்கினால், வழக்கறிஞர் கட்டணத்தைவிட முதலில் வீட்டின் அன்றாடக் கூலியே நின்றுபோகிறது. மேல்முறையீட்டில் நூற்றில் தொண்ணூற்றைந்து தண்டனைகள் மாறுகின்றன என்றால், ஒவ்வொரு படியிலும் நல்ல வாதம் கிடைத்ததே அவர்களைக் காத்தது என்றாகிறது. அது கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதைப் பழைய வழக்குகள் இனிச் சொல்லப் போவதில்லை. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 ஆகஸ்டில் அளித்த 262ஆவது அறிக்கை, பயங்கரவாதக் குற்றங்களைத் தவிர மற்றவற்றுக்கு மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்ததன் அடிப்படையும் இந்தத் தற்செயல் தன்மைதான். அந்த விதிவிலக்கு தருக்கப்படி பலவீனமானது. பொதுச் சினம் உச்சத்தில் இருக்கும் வழக்குகளில்தான் பிழையும் ஒளிந்துகொள்ளும் என்பதால், விலக்கு அளிக்க வேண்டிய இடம் ஏதாவது இருந்தால் அது அங்கே இல்லை.

சுருளி வழக்கில் உச்ச நீதிமன்றம், நீண்ட சிறைவாசத்துக்குப் பின் குற்றமற்றவராக விடுவிக்கப்படுவோருக்கு இழப்பீடு தருவதற்கான சட்டம் இந்தியாவில் இல்லாததைக் கவனப்படுத்தி, அதைச் சட்டமியற்றும் அவைகளின் பொறுப்பில் விட்டது. சட்ட ஆணையத்தின் 277ஆவது அறிக்கை 2018இலேயே இதற்கான வழியைப் பரிந்துரைத்திருந்தது. சுருளியில் அந்த இருவரைக் கொன்றது யார் என்ற கேள்வியும் தீர்ப்போடு விடையற்று நிற்கிறது.

தண்டனைச் சட்டம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்துக்கு மாறான திருத்தத்தைக்கூட ஒரு மாநிலச் சட்டமன்றம் இயற்றி, 254(2) உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றால் அது அம்மாநிலத்தில் செல்லும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு சென்றது இந்த வழியில்தான். கொலைக் குற்றத்துக்கான தண்டனையில் ஆயுளை மட்டும் வைத்துக்கொண்டு மரணத்தை நீக்கும் திருத்தத்துக்கும் வழி இதுவே. குமுளிக் கணவாய்க்கு அப்பால், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானம் சர் சி.பி. ராமசாமி அய்யர் திவானாக இருந்த 1944இல் மரண தண்டனையை ஒழித்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் அங்கு விரிவுபடுத்தப்பட்டபோது அது திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் 1995இல் சேலம் மத்திய சிறையில் ஆட்டோ சங்கர். அதற்குப் பின்னான முப்பது ஆண்டுகளில் மாறி மாறி ஆண்ட இரு கட்சிகளில் எதுவும் அத்தகைய மசோதாவை நிறைவேற்றியதில்லை.